ராக்கொடி ஏன் நழுவுகிறது?

மணமேடையில் பெண்ணின் தலையலங்காரத்துக்கு மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது மாலை மாற்றுவது. சில குடும்பங்களில் மாமன்மார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு விளையாட்டுக் காட்டுவார்கள். அந்த அமளியில் மேலிருந்து இறங்கும் கனத்த ரோஜா மாலை, வகிட்டோரம் இருக்கும் சூரியப்பிரபையில் மாட்டி ஒரு இழுப்பு இழுக்கும். இரண்டாவது தாலி கட்டும் நேரம். பெண் தலையைக் குனிகிறாள், நாத்தனார் முடிச்சுப் போடுவதற்காகப் பின்னலைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளுகிறார். மூன்றாவது சோதனை கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் சீவி முடித்த தலை, ஹோமப் புகை, வேர்வை, ஏசிக் குளிர், வாசல் வெயில் எல்லாவற்றையும் கடந்து பிற்பகல் வரை அப்படியே நிற்க வேண்டும்.

இவற்றில் எதிலாவது ஒரு நகை சரிந்தால் முன்வரிசையிலிருந்து ஒரு அத்தை எழுந்து வருவார். கையில் இரண்டு ஸ்லைடு இருக்கும். சரிந்த இடத்திலேயே குத்திவிட்டுப் போவார். அரை மணி நேரத்தில் அது மறுபடி சரியும். அத்தையின் அக்கறையில் குறை இல்லை. நகையைப் பிடித்து வைப்பது ஊசி என்று அவர் நினைப்பதுதான் கோளாறு. தலையில் நகையைத் தாங்குவது முடிதான், அதுவும் ஒரு முடி இன்னொரு முடியோடு உரசி நிற்கும் உராய்வினால். ஊசியும் நூலும் செய்வது அந்த உராய்வுக்குத் தேவையான அழுத்தத்தைக் கொடுப்பது மட்டுமே. அடியில் முடி சரியாகக் கட்டப்படாவிட்டால் மேலே எத்தனை ஊசி குத்தியும் பயனில்லை.

நெற்றியில் சுட்டி, வகிட்டின் இருபுறமும் சூரியன் (சூரியப்பிரபை), சந்திரன், பின்னந்தலையில் ராக்கொடி, பின்னல் நெடுக ஜடைநாகம், நுனியில் குஞ்சலம், காதிலிருந்து முடிக்குப் போகும் மாட்டல். நாட்டியக்காரர்கள் இந்த முழுக் கூட்டத்தையும் தலைசாமான் என்பார்கள். சிவப்புக் கல் பதித்த இந்த நகைகளுக்குப் பேர்போனது நாகர்கோவிலை ஒட்டிய வடசேரி. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோயில் விக்கிரகங்களுக்குச் செய்த நகைகளின் வழியில் வந்தவை இவை. விக்கிரகம் குனியாது, வேர்க்காது, யாரும் அதன் பின்னலைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டார்கள். பெண்ணின் தலைக்கு அந்த நகைகள் வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

முதலில் முடியைப் பார்ப்போம். தலைமுடி ஒன்றின் குறுக்களவு பொதுவாக 60 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளே கெரட்டின் என்ற புரதத்தாலான நீண்ட இழைகள். வெளியே, கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள். ஒவ்வொரு செதிலும் சுமார் அரை மைக்ரோமீட்டர் தடிமன். இப்படி ஆறு முதல் பத்து அடுக்குகள் இருக்கும். எல்லாச் செதில்களின் விளிம்பும் முடியின் நுனியை நோக்கியே இருக்கின்றன. இதனால் முடிக்கு ஒரு விசித்திர குணம் வந்துவிடுகிறது. வேரிலிருந்து நுனிப்பக்கமாக ஒரு பொருள் வழுக்கினால் உராய்வு குறைவு. நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக வழுக்கினால் உராய்வு அதிகம். ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து இரு திசையிலும் இழுத்துப் பார்த்தால் விரலுக்கே இது தெரியும்.

ராக்கொடி ஏன் அடிக்கடி நழுவுகிறது, சூரியப்பிரபை ஏன் ஓரளவு நிற்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. நடு வகிடு எடுத்துப் பின்னோக்கி வாரிய தலையில் முடியின் நுனி எல்லாம் பின்பக்கம் போகிறது. பெண் குனியும்போது சூரியப்பிரபை முன்னோக்கி, அதாவது வேர்ப்பக்கம் சரியப் பார்க்கும். செதில்கள் அதற்கு எதிராக நிற்கின்றன. ராக்கொடியின் கதை வேறு. பின்னந்தலையில் அது செங்குத்தாகத் தொங்குகிறது, அதன் எடை கீழ்நோக்கி, நுனிப்பக்கமாக இழுக்கிறது. முடியே அதற்கு வழி விடுகிறது. குனிந்தால் விழும் என்று எல்லோரும் பயப்படுவது ராக்கொடியைப் பற்றித்தான். உண்மையில் குனியும்போது பின்னந்தலை மேல்பக்கமாகிவிடுவதால் ராக்கொடி தலைமேல் அழுந்தி உட்காருகிறது. நிமிர்ந்து நின்று போட்டோவுக்குச் சிரிக்கும் நேரத்தில்தான் அது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்குகிறது.

எனவே ராக்கொடியைத் தட்டையாக வாரிய முடிமேல் வைத்து ஊசி குத்துவது வீண். அதன் அடிவிளிம்பு பின்னல் தொடங்கும் கட்டின்மேல் உட்கார வேண்டும். அங்கே முடி முழுவதும் ஒன்றாகத் திரண்டு, ரப்பர் பேண்டாலோ நூலாலோ இறுக்கப்பட்டு, ஒரு திண்டு போலப் புடைத்திருக்கும். நழுவும் நகைக்குக் கீழே ஒரு தடை கிடைத்துவிடுகிறது. பழைய பழக்கம் ராக்கொடிக்கு இந்த இடத்தைத்தான் கொடுத்திருக்கிறது. இப்போது சில அலங்காரங்களில் அழகுக்காக அதை உச்சிக்கு ஏற்றுகிறார்கள். ஏற்றலாம், ஆனால் அதற்கு அடியில் ஒரு சிறு கட்டோ பின்னலோ தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பின்னல் என்பது சாதாரண விஷயமாகத் தெரியும். அதன் அறிவியல் பழமையானது. குட்டைக் குட்டை நார்களால் திரித்த கயிறு எப்படி இவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற கேள்வியைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் கடைசி நூலில் எழுப்பினார். நார்கள் ஒன்றையொன்று சுற்றி நெருக்குகின்றன, கயிற்றை இழுக்க இழுக்க அந்த நெருக்கம் கூடுகிறது என்பது அவர் கண்ட விடையின் சாரம். இழுப்பே பிடிப்பாக மாறுகிறது. தலைப்பின்னலிலும் இதேதான் நடக்கிறது. மூன்று கால்களும் மாறி மாறி ஒன்றின்மேல் ஒன்று வளைந்து செல்கின்றன. குஞ்சலம் கீழே இழுக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு கால் மற்றொன்றை அழுத்துகிறது, உராய்வு கூடுகிறது, பின்னல் மேலும் இறுகுகிறது.

இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை என்பதுதான் சுவாரசியம். 2012-இல் ரேமண்ட் கோல்ட்ஸ்டைன், பேட்ரிக் வாரன், ராபின் பால் என்ற ஆய்வாளர்கள் மூவர் குதிரைவால் கொண்டையின் வடிவத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். முடியின் விறைப்பு, அதன் எடை, இயல்பான சுருள்களால் முடிகள் ஒன்றையொன்று வெளியே தள்ளும் அழுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எடைக்கு முடி எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைக் காட்டும் ஓர் எண்ணுக்கு, நீளக்கூந்தல் கதாநாயகி ரபுன்ஸலின் பெயரையே வைத்தார்கள். ஓடும் பெண்ணின் தலை மேலும் கீழும் குதிக்க, குதிரைவால் மட்டும் ஏன் இடமும் வலமும் ஆடுகிறது என்று 2010-இல் ஜோசப் கெல்லர் கணித்திருந்தார். நால்வருக்கும் சேர்த்து 2012-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. அந்த மூவரே 2018-இல் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: பஞ்சின் குட்டை இழைகளால் ஆன நூல் ஏன் பிரிந்து விழுவதில்லை, நாம் ஏன் உடையோடு நடமாட முடிகிறது? இழைகளுக்கு இடையே உராய்வுத் தொடுகைகள் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் இழுவிசை நூல் முழுவதும் கடந்து செல்லத் தொடங்குகிறது, அந்த எல்லைக்குக் கீழே நூல் பிரிந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

மணப்பெண் அலங்காரத்தில் இந்தக் கண்டுபிடிப்பு நேரடியாக வேலை செய்யும் இடம் சவுரி. சவுரிமுடிக்குத் தலையில் வேர் கிடையாது. அது நிற்பது முழுக்க உராய்வினால். தோள் வரை வெட்டிய முடியின் நுனியில் சவுரியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் ஜடைநாகத்தையும் மாட்டினால், மொத்த எடையும் அந்த ஒரு கட்டில் நிற்கிறது. மேலே பின்னல் தொடங்கும் இடத்திலிருந்தே சவுரியையும் ஒரு காலாகச் சேர்த்துப் பின்னினால் ஏழெட்டு வளைவுகளில் சொந்த முடி சவுரியை நெருக்கிப் பிடிக்கிறது. உராய்வுத் தொடுகைகள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பழைய பாட்டிமார் சவுரியை உச்சியிலிருந்தே கோத்துப் பின்னியதற்கு இதுதான் நியாயம்.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டியத்துக்கு அலங்காரம் செய்பவர்கள் கருப்பு நூலை நம்புகிற அளவு ஊசியை நம்புவதில்லை. இரண்டு மணி நேரம் குதித்து ஆடும் தலையில் நகை அசையாமல் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நூலின் ரகசியம் 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் எழுதிய ஒரு சமன்பாட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் கட்டைமேல் கயிற்றைச் சுற்றிவிட்டால் ஒரே ஆள் கப்பலைப் பிடித்து நிறுத்த முடிவது அதனால்தான். ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுச் சுற்றியதும் மறுமுனையில் தேவைப்படும் விசை ஆறரையில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு சுற்றில் சுமார் 43-இல் ஒரு பங்கு. மூன்று சுற்றில் 285-இல் ஒரு பங்கு. பின்னலின் அடிக்கட்டில் நூலை மூன்று முறை சுற்றிவிட்டு முடிச்சுப் போட்டால், முடிச்சு தாங்க வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால்தான் நாட்டியக்காரர்களின் முடிச்சு சின்னதாக இருந்தாலும் அவிழ்வதில்லை. இந்த விஷயத்தில் நாட்டிய அலங்காரக்காரர்களிடம் கல்யாண அலங்காரக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்பது என் கருத்து.

ஊசிகளுக்கு வருவோம். கடையில் அட்டையில் கோத்து விற்கும் ஸ்லைடுக்கு இரண்டு கால்கள். ஒன்று நேராக இருக்கும், மற்றது அலையலையாக நெளிந்திருக்கும். இரண்டும் வில் போல ஒன்றையொன்று அழுத்துகின்றன. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-இலேயே சொல்லிவிட்டார். எனவே ஸ்லைடின் முழு வலிமையும் அதன் வில்தன்மையில் இருக்கிறது. அவசரத்தில் பல்லால் கடித்து அகல விரிப்போம். அந்த நொடியில் எஃகு தன் மீள்எல்லையைத் தாண்டி நிரந்தரமாக விரிந்துபோகிறது. அப்புறம் அது வெறும் கம்பி. ஒரே ஸ்லைடுக்குள் கொத்துக் கொத்தாக முடியைத் திணிப்பதும் அதே சேதத்தைத்தான் செய்கிறது. நெளிந்த கால் தலைத்தோல் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நெளிவிலும் முடி சற்று வளைந்து போவதால் அங்கே சிறு அளவில் ஆய்லரின் பெருக்கல் நடக்கிறது. பலர் பளபளப்பான நேர்க்காலைக் கீழே வைத்துக் குத்திவிட்டு ஸ்லைடைக் குறை சொல்கிறார்கள்.

கொண்டை ஊசிக்கு இந்த வில்தன்மை கிடையாது. அது அழுத்திப் பிடிப்பதில்லை, கோத்துப் பிடிக்கிறது. கொண்டையின் வெளிவிளிம்பில் சில முடிகளை எடுத்துக்கொண்டு, ஊசியைத் திருப்பி, தலைத்தோலை ஒட்டிய முடிக்குள் செருக வேண்டும். திருப்பும்போது எடுத்த முடி இறுகுகிறது. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. நேராகக் குத்தினால் போன வழியே வெளியே வந்துவிடும்.

எந்த ஊசியானாலும் ஒரே விதிதான். நகை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்குக் குறுக்காக ஊசி போக வேண்டும். கீழே தொங்கும் நகைக்கு மேலிருந்து கீழாகக் குத்திய ஊசி, நகையோடு சேர்ந்து இறங்கும். இரண்டு ஊசிகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே குத்தினால் எந்தத் திசை இழுப்பும் இரண்டின் நீளவாக்கோடும் ஒரே நேரத்தில் பொருந்த முடியாது. ஒன்று நழுவப் பார்த்தால் மற்றது தடுக்கும். அத்தை கொண்டுவந்த இரண்டு ஸ்லைடும் இப்படிக் குறுக்கே போயிருந்தால் அவர் மறுபடி எழுந்து வர வேண்டியிருக்காது.

நெற்றிச்சுட்டியில் இன்னொரு நுட்பம் உண்டு. வகிட்டில் ஒற்றைச் சரமாகப் போகும் சுட்டி, குனிந்தால் நெற்றியை விட்டு விலகி ஊசலாடும். மூன்று சரச் சுட்டி காதோரம் இருபுறமும் கட்டப்படுவதால் ஆடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கச் சரங்களை விறைப்பாக இழுத்துக் கட்டுவது தவறு. இரு பக்கமும் கட்டிய சரத்தின் நடுவில் ஓர் எடை தொங்கினால், சரம் எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு இழுவிசை அதில் ஏறும். சரம் 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் பதக்கத்தின் எடையளவு இழுவிசை. 5 டிகிரிதான் சாய்வு என்றால் அது எடையைப்போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. காதோரத்து மெல்லிய பூனைமுடி இதைத் தாங்காது. கொஞ்சம் தளர்வு விட்டு, பதக்கத்தின் பின்னால் இமைமுடி ஒட்டும் பசையை ஒரு துளி வைப்பதே இப்போது பல அலங்காரக்காரர்கள் செய்வது. நல்ல வழி.

இதே இயற்பியலை அழகாகப் பயன்படுத்துவது மாட்டல். கனத்த ஜிமிக்கியின் எடையைக் காதுமடலின் சிறு துளையிலிருந்து எடுத்து, காதுக்கு மேலுள்ள முடிக்கு மாற்றிக் கொடுக்கிறது. காது அறுந்துபோன பெண்களைப் பார்த்த யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். எடையைக் குறைப்பது இன்னொரு வழி. வங்காளத்தில் மணமகனின் டோபரையும் மணமகளின் முகுட்டையும் சதுப்புநிலச் செடியான சோலாவின் வெண்ணிற நெட்டியால் செய்கிறார்கள். பார்க்கப் பெரிய கிரீடம், தூக்கினால் காற்று. நம் ஊரில் அந்த அடக்கத்தை எதிர்பார்க்க முடியாது. எடைதான் இங்கே மரியாதை.

கல்யாண ஊஞ்சலில் ஆடும்போது நகை சரியும் என்று ஒரு பயம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தேவையில்லை. 15 டிகிரி வரை மெல்ல ஆட்டும் ஊஞ்சல், அடிப்புள்ளியைக் கடக்கும்போது நகையின் எடையைச் சுமார் 7 சதவீதமே கூட்டுகிறது. தோளில் தூக்கிய மாமன் சட்டென்று இறக்கிவிடுவதுதான் அதைவிட மோசம்.

அடுத்து, தலைகுளிப்பது எப்போது என்ற கேள்வி. முகூர்த்தத்தன்று காலையில் ஷாம்பூ போட்டு, கண்டிஷனர் தடவி, பட்டுப்போலப் பறக்கும் முடியோடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. அலங்காரக்காரர் உள்ளுக்குள் பெருமூச்சு விடுவார். முடியின் மேற்பரப்பில், குறிப்பாகச் சேதமான இடங்களில், எதிர்மின்னேற்றம் இருக்கிறது. கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்ற மூலக்கூறுகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, தம் கொழுப்பு வாலை வெளியே நீட்டி, உராய்வைக் குறைக்கின்றன. சிக்கு விழாமல் இருக்க அது நல்லது. தலைசாமான் நிற்பதற்கு அது எதிரி. முந்தின நாள் குளித்த தலையில் இயற்கையான எண்ணெய்ப் பசை கொஞ்சம் ஊறியிருக்கும், முடி அடங்கி நிற்கும். ஸ்மூத்தனிங் செய்த முடியும் பூச்சு காரணமாக வழுக்கும். சாயம் போட்ட, ப்ளீச் செய்த முடி எதிர்த்திசை. முடியின் வெளிப்புறத்தில் வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கும் கொழுப்புப் படலம் அதில் கரைந்துபோவதால் சொரசொரப்பாகி, ஊசியை நன்றாகப் பிடிக்கும். எளிதில் ஒடியவும் செய்யும். சுருட்டை முடிக்காரர்கள் பாக்கியசாலிகள். முடிக்கு முடி தொடும் புள்ளிகள் அதிகம், நழுவல் குறைவு. காலமெல்லாம் சுருட்டையை நொந்துகொண்ட பெண்ணுக்குக் கல்யாணத்தன்று அது கைகொடுக்கும்.

தேங்காய் எண்ணெயை விட்டுவிட முடியாது. அது மற்றப் பல எண்ணெய்களைப் போல மேலே மட்டும் தங்காமல் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. மேலே தங்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் திரவப் பாலங்களால் முடிகளை ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கிறது. படிய வாரிய தலைக்கு அது போதும். அளவு மிஞ்சினால் அதே எண்ணெய் மசகாகிவிடும், ஸ்லைடு வெண்ணெயில் போவதுபோல வழுக்கும். மாதங்கள் முன்பிருந்தே எண்ணெய் வைக்கலாம், கல்யாணத்துக்கு முந்தின இரவு வேண்டாம்.

வழுக்கும் முடிக்கு அலங்காரக்காரர் செய்யும் வைத்தியம் பேக்கோம்பிங். நுனியைப் பிடித்துக்கொண்டு சீப்பை வேர்ப்பக்கமாகத் தள்ளுவது. செதில்களின் விளிம்பு இதில் நிமிர்கிறது, முடிகள் ஒன்றோடொன்று சிக்கி மெத்தை போல ஆகின்றன. ஊசிக்குப் பிடிமானம் கிடைக்கிறது. முடிக்கு இது வன்முறைதான். அதனால் ராக்கொடி, சூரியன், சந்திரன் உட்காரும் இடங்களில் மட்டும் செய்தால் போதும்.

பிறகு ஸ்ப்ரே. அதில் இருப்பது ஆல்கஹாலில் கரைத்த பாலிமர். ஆல்கஹால் ஆவியானதும், இரண்டு முடிகள் குறுக்கிடும் இடங்களில் பாலிமர் உறைந்து இணைப்பாகிறது. தொடக்ககால ஸ்ப்ரேக்களில் பயன்பட்ட பாலிவினைல் பைரோலிடோன் 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் உருவானது, இரண்டாம் உலகப்போரில் இரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக ஏற்றப்பட்டது, அப்புறம்தான் தலைக்கு வந்தது. ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் குணம் அதற்கு இருந்ததால் பின்னாளில் வேறு மூலக்கூறுகளோடு கலந்து செய்தார்கள். ஸ்ப்ரேயில் ஒரு எச்சரிக்கை அவசியம். அந்த ஆல்கஹாலும் அதை வெளியே தள்ளும் வாயுவும் தீப்பிடிக்கக்கூடியவை. ஹோமகுண்டத்தின் முன்னால் உட்காரப்போகும் தலைக்கு மேடையில் வைத்துக் கடைசி நிமிட ஸ்ப்ரே அடிப்பது கண்டிப்பாகக் கூடாது. அறையிலேயே அடித்து, முழுக்க உலர்ந்த பிறகுதான் வெளியே வர வேண்டும்.

ஈரப்பதம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள 1783-க்குப் போக வேண்டும். ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர், காற்றின் ஈரத்தை அளக்க மனித முடியைக் கொண்டே ஒரு கருவி செய்தார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போகும்போது முடி சுமார் இரண்டு சதவீதம் நீள்கிறது. அந்த நீட்சி ஒரு முள்ளை நகர்த்தும். இதே வகைக் கருவியை 20-ஆம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்கள் பயன்படுத்தின. முடி நீள்வதைவிட அதிகமாகப் பருக்கிறது. நன்றாக ஊறினால் தன் எடையில் சுமார் 30 சதவீதம் நீரை உறிஞ்சிவிடும். 1930-களில் லீட்ஸில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழையையும் முடியையும் எக்ஸ் கதிரால் படமெடுத்து, இழுக்கும்போது கெரட்டின் மூலக்கூறுகளின் அமைப்பே மாறுவதைக் கண்டார். சுருண்ட அந்த அமைப்பின் சரியான வடிவத்தை 1951-இல் லைனஸ் பாலிங் குழு சொன்னது. அந்தச் சுருளை நிலைநிறுத்துபவை ஹைட்ரஜன் பிணைப்புகள். சூடான கருவியால் முடியைச் சுருட்டும்போது அவை அறுந்து, ஆறும்போது புதிய வடிவத்தில் மறுபடி சேர்கின்றன. நீர் மூலக்கூறு உள்ளே புகுந்தால் அந்தப் பிணைப்புகளைப் பங்குபோட்டுக்கொண்டு வடிவத்தைக் கலைத்துவிடும். உலர்ந்த முடி 30 சதவீதம் வரை நீண்டுதான் அறும், நனைந்த முடி 50 சதவீதம் வரை நீளும். ஈர முடி அவ்வளவு இளகியது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கல்யாணம் என்றால் இதுதான் பெரிய எதிரி. அங்கே சூட்டுச் சுருளை நம்பி நகை மாட்டக் கூடாது, பின்னலையும் நூல்கட்டையும்தான் நம்ப வேண்டும். பூவும் ஒரு ஈர மூலம் என்பதை மறக்கிறோம். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து வாழையிலையில் சுற்றி வந்த மல்லிகைச் சரத்தை அப்படியே கொண்டையில் சுற்றினால், சொட்டுகிற நீர் அடிக்கட்டை இளக்கிவிடும். உதறித் துணியில் ஒற்றிய பிறகு, நகையெல்லாம் மாட்டி முடித்த கடைசிக் கட்டத்தில் பூ வைப்பது நல்லது.

வலியைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. ஒரு முடி சுமார் 100 கிராம் தாங்கும், தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி, ஆகவே கூந்தல் பத்து டன் தாங்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பெருக்கல் சரி, நியாயம் தப்பு. அரை கிலோ ஜடைநாகத்தை முழுப் பின்னலும் தாங்கினால் முடிக்கு 5 மில்லிகிராம்தான். அதையே ஒரு ஊசி பிடித்த சிறு கொத்தில் தொங்கவிட்டால், அந்தக் கொத்திலும் விறைப்பாக நிற்கும் இருபது முடிகள்தான் உண்மையில் சுமக்கும். ஒவ்வொன்றுக்கும் 25 கிராம். முடி அறாது, ஆனால் ஒவ்வொரு முடிவேரையும் சுற்றி நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. அவை சும்மா இருக்காது. குதிரைவால் கொண்டை போடும் பெண்களைக் கேட்டு பிளா என்ற லண்டன் மருத்துவர் 2004-இல் எழுதிய கட்டுரையில் பாதிக்கும் மேற்பட்டோர் அதனால் தலைவலி வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டிலேயே வெளி இழுப்பால் வரும் தலைவலிக்கு ஓர் இடம் இருக்கிறது. இழுப்பு நீடிக்கும்வரை வலி, எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் தீர வேண்டும் என்பது அதன் அடையாளம். ஒரு நாள் கல்யாணம் முடியைக் கொட்ட வைக்காது. நாள்தோறும் இழுத்துக் கட்டுவதுதான் ஆபத்து. கிரீன்லாந்துப் பெண்கள் உச்சியில் இறுக்கிக் கட்டிய கொண்டையால் முன்நெற்றி முடியை இழந்ததை 1907-இலேயே ஒரு மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். வாரந்தோறும் மேடையேறும் நாட்டியப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அலங்காரம் செய்து முடித்ததும் பெண்ணிடம் ஒரே ஒரு இடத்தைச் சுட்டி "இங்கே இழுக்கிறதா?" என்று கேட்பது போதாது. தலையை ஆட்டச் சொல்லி, குனியச் சொல்லி, பின்னலை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒரு புள்ளியில் சுருக்கென்று இழுத்தால் அங்கே பாரம் பங்கிடப்படவில்லை என்று அர்த்தம். அந்த இடம்தான் முதலில் நழுவவும் போகிறது. வலிக்கும் இடமும் நழுவும் இடமும் பெரும்பாலும் ஒன்றே.

கழற்றும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், அவசரப்படுவார்கள். முதலில் பூ, பிறகு பாரமுள்ள ஜடைநாகமும் குஞ்சலமும், அப்புறம் ராக்கொடி, கடைசியில் சுட்டி. சுற்றிய நூலை இழுக்காமல் வெட்டிவிட வேண்டும், மூன்று சுற்றின் பிடிப்பு கழற்றும்போதும் அதே பிடிப்புதான். ஸ்ப்ரே உறைந்த இடங்களை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கண்டிஷனர் தடவினால் காலையில் எதிரியாக இருந்த அதே வழுவழுப்பு இப்போது உதவும். பேக்கோம்பிங் செய்த சிக்கை அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி இரண்டு விரற்கடை இரண்டு விரற்கடையாக மேலேறி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சீப்பு போகும் திசை வேரிலிருந்து நுனிக்கே இருக்க வேண்டும்.